அதல பாதாளம் என்று எழுதியது யார்?

ஒரே ஒரு ஸ்டார்.

அதன் கீழே இரண்டு வரி:

'மழைக்காலத்துக்கு அப்புறம் இந்தக் கடை பன்னோட ருசி அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு. எனக்கு மட்டும்தான் இப்படித் தோணுதா? பழைய ஆளுங்க யாராவது சொல்லுங்க.'

எழுதியவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பழைய வாடிக்கையாளர்' என்று இருந்தது.

"யாரோ வேலையத்தவன்மா, விடு" என்றாள் மகள். போனைக் காட்டியதே அவள்தான். காட்டியிருக்கக் கூடாது என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அம்மா விடுகிற ஆள் இல்லை.

அந்தத் தெருவுக்கே அவள் அக்கா. பால் போடுகிறவருக்கு அக்கா, கூரியர்காரருக்கு அக்கா, அவளைவிட எவ்வளவோ மூத்தவரான ரிட்டயர்டு வாத்தியாருக்கும் அக்கா. பேக்கரியின் கவுண்டரும் கண்ணாடி அலமாரியும் அவள் ராஜ்யம். பின்னால், மாவு ரூமும் அடுப்பும் அவள் கணவரின் ராஜ்யம். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். சண்டை இல்லாத நாட்களில் அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அந்த இரண்டு வரியை அக்கா முதல் தடவை கோபமாகப் படித்தாள். இரண்டாம் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள். மூன்றாம் தடவை ஒரு வார்த்தையில் வந்து அவள் கண் நின்றது. நின்றது நின்றதுதான்.

அதல பாதாளம்.

அந்த வார்த்தையை அவள் தினமும் கேட்கிறாள். இதே கடையில். இதே கவுண்டர் முன்னால். கூடப் பிறந்த தம்பியின் வாயிலிருந்து!

தம்பிதான் கடையின் வேனை ஓட்டுகிறான். ஆஸ்பத்திரி கேன்டீன், ஆபீஸ் கேன்டீன், சின்னச் சின்னக் கடைகள் என்று பன்னும் ரொட்டியும் கொண்டுபோய் இறக்குவது அவன் வேலை. டயரில் காற்று இறங்கினால் அவனுக்கு அது அதல பாதாளம். போன் சார்ஜ் பாதிக்குக் கீழே போனால் அதல பாதாளம். அவனுக்குப் பிடித்த டீம் ஒரு கோல் வாங்கினால் உடனே அதல பாதாளம், திருப்பிப் போட்டால் அடுத்த நிமிஷமே மறந்துவிடுவான். பல் வலிக்காகப் போன இடத்தில், "டாக்டர், இந்தப் பல்லு அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு" என்று சொல்ல, அவர் டார்ச் அடித்துப் பள்ளத்தைத் தேடினாராம். அக்கா மகள் அவனுக்கு வைத்த பெயர் 'பாதாள மாமா.' ஊரார் வாயில் 'மாமா' உதிர்ந்து 'பாதாளம்' மட்டும் தங்கிவிட்டது.

"அவன்தான்" என்றாள் அக்கா.

"யாரு?"

"உங்க பாதாள மாமா."

"அம்மா! மாமா ஏம்மா நம்ம கடைக்கே ஒத்த ஸ்டார் போடப் போறாரு?"

"அதான் எனக்கும் தெரியணும்."

தெரிய வேண்டிய காரணங்கள் ஏற்கெனவே வரிசையில் வந்து நின்றுகொண்டிருந்தன. எதிர்ச்சாரியில் திறந்திருக்கும் புது பேக்கரியிலிருந்து போன வாரம் தம்பி வெளியே வந்தான். கையில் காகிதப் பை. அக்காவைப் பார்த்ததும் அதை வேன் சீட்டுக்கு அடியில் தள்ளினான். அதற்கும் முன்னால் ஒரு நாள், முதல் ட்ரே வந்த நேரத்தில், "அத்தான், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தான். அக்கா ஒரு முறை முறைத்ததில் அந்த விஷயம் அப்படியே வாய்க்குள் திரும்பிப் போனது.

முறைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கடையில் ஒரு சட்டம். விடியற்காலை முதல் ட்ரே வெளியே வந்ததும் மாஸ்டர் ஒரு பன்னை எடுத்துப் பிய்ப்பார். ஆவியை மூக்குக்கு நேராகப் பிடித்துக் கண்ணை மூடுவார். அப்புறம் ஒரு கடி. மெதுவாக மெல்லுவார். கடைசியில் 'ம்' என்றால் ட்ரே கவுண்டருக்கு வரும். 'ம்ஹூம்' என்றால் வராது. அவர் சொல்வதற்கு முன் யாரும் பன்னைத் தொடக் கூடாது. சொன்ன பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

சட்டம் போட்டது மாஸ்டர் அல்ல. அக்கா. கடை திறந்த புதிதில் ஆளாளுக்கு ஒரு ருசி சொன்னார்கள். ஒருத்தர் உப்பு பத்தாது என்றார், இன்னொருத்தர் சர்க்கரை ஜாஸ்தி என்றார், நடுவில் மாவு படாத பாடு பட்டது. "இனிமே இந்தக் கடைல ஒரே நாக்குதான்" என்று அன்றைக்கு அவள் கவுண்டரில் கையை ஓங்கித் தட்டினாள். கடை பிழைத்தது அந்த ஒரு தட்டினால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

வாசலில் வேன் வந்து நின்றது. முதல் ரவுண்டு முடித்துவிட்டுத் தம்பி உள்ளே வந்தான், காலி ட்ரேக்களைத் தோளில் சாய்த்தபடி.

"என்னக்கா, முகம் அதல பாதாளத்துக்குப் போயிருக்கு?"

மகள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அக்கா போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "படி."

படித்தான். சிரித்தான். "யாருக்கா இவன்? அசல் நம்ம ஆளு மாதிரியே எழுதியிருக்கான்!"

"நம்ம ஆளு மாதிரி இல்ல. நம்ம ஆளேதான்."

சிரிப்பு பாதியில் நின்றது. "அக்கா... என்னையா சொல்ற?"

"பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே அந்த வார்த்தையச் சொல்ற ஆளு உன்னை விட்டா வேற யாருடா?"

"மழை பெய்யுதுன்னு சொல்றவனைப் பிடிச்சு, நீதான் பெய்ய வெச்சியான்னு கேப்பியா?"

"வக்கீல் பேச்சு வேணாம். எதிர்க் கடைல உனக்கு என்ன வேலை? அந்தப் பைல என்ன இருந்துச்சு?"

பாதாளம் தோளிலிருந்த ட்ரேக்களை இறக்கி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினான்.

"வேலைக்குக் கூப்பிடறாங்களா? வேன் புதுசா இருக்கா அங்க?"

"அதெல்லாம் இல்லக்கா."

"அப்புறம்?"

அவன் கண் மாவு ரூம் பக்கம் போய்த் திரும்பியது. உள்ளே மாவு பிசையும் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "இப்ப வேணாம். அத்தான் காதுல விழும்."

"விழட்டும்! கூடவே இருந்துக்கிட்டு முதுகுக்குப் பின்னாடி எழுதத் தெரியுதுல்ல? வண்டிச் சாவிய வெச்சுட்டுக் கிளம்பு."

"அம்மா..." என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

தம்பி சாவியை எடுத்தான். கவுண்டர் மேல் வைத்தான். சத்தமே வராமல் வைத்தான், அதுதான் அக்காவுக்கு என்னவோ செய்தது. கடைக்கு மேலே இருக்கும் மாடி ரூமில்தான் அவன் ஜாகை. படி ஏறப் போனவன் திரும்பினான்.

"அக்கா, நான் எழுதல."

"சரி."

"ஆனா எழுதினவன் பொய் எழுதல."

அக்கா போனைக் கவுண்டர் மேல் வைத்தாள்.

"நீ கடைசியா நம்ம பன்னச் சாப்ட்டது எப்ப?" என்று கேட்டுவிட்டு அவன் பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே போனான்.

ஒரு மணி நேரம் கழித்து மாஸ்டர் கையில் மாவோடு எட்டிப் பார்த்தார். "மச்சான் எங்க? ரெண்டாவது லோடு ரெடி."

"அனுப்பிட்டேன்."

"எங்க அனுப்பின?"

"வேலைய விட்டு." அக்கா போனை எடுத்துக் காட்டினாள். "இதை எழுதினது அவன்தான்."

மாஸ்டர் போனைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கை துண்டிலேயே நின்றது.

"அவன் எழுதியிருக்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்" என்றார். இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தார். வாசலில் யாரோ ரொட்டி கேட்டார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பி மீண்டும் இந்தப் பக்கம் பார்த்தபோது மாஸ்டர் இல்லை. மாவு ரூம் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

மச்சானை விட்டுக்கொடுக்க மாட்டார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் அன்றைய பகல் அவளை விடவில்லை. ஒரு வார்த்தையைத் தேட ஆரம்பித்தால் அது எப்படியெல்லாம் வந்து நிற்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் காஸ் சிலிண்டர்காரர். சிலிண்டரை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வயசாச்சுக்கா, உடம்பு அதல பாதாளத்துக்குப் போயிட்டிருக்கு." சொன்ன கையோடு காலி சிலிண்டரை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு போனார்.

அப்புறம் ரிட்டயர்டு வாத்தியார். தினமும் ஒரு பன், ஒரு பேப்பர், அரை மணி நேரப் புலம்பல். "பசங்க கையெழுத்தைப் பாத்தீங்களாக்கா? அதல பாதாளம்!"

கேக் ஆர்டர் சொல்ல வந்த ஒரு பெண், போனில் யாரிடமோ, "அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சு வார்த்தை அதல பாதாளத்துல இருக்கு, கேக்ல அவங்க பேரு வேணுமான்னு யோசிக்கறேன்" என்றாள். சுவரில் ஓடிய டிவியில் ஏதோ ஒரு விலை அதல பாதாளத்தில் விழுந்தது, செய்தி வாசித்தவர் தலைமுடி கூடக் கலையவில்லை. மகள் சார்ஜரைத் தேடிக்கொண்டே, "என் பேட்டரி அத..." என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்து, "...ரொம்பக் கம்மியா இருக்கு" என்று முடித்தாள்.

எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு பன்னை வாங்கிக்கொண்டு சிரித்தபடி போகிறார்கள். யாரும் எங்கேயும் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

அக்காவின் துப்பு அவள் கையிலேயே கரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் பிடியை விடவில்லை. கடைசியாக விட வைத்தது முட்டைக்காரர்தான். நேற்று வந்த முட்டை அட்டையில் பாதி உடைசல். அக்கா போன் போட்டுப் பொரிந்து தள்ளினாள்.

"...நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கங்க, உங்க சரக்கு இப்பல்லாம் அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு!"

போனை வைத்தாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. அப்ப அந்த ரிவ்யூ நீதான் எழுதினியாம்மா?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளுக்கு, காலையில் தம்பி கேட்டுவிட்டுப் போன கேள்வி அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. நாள் முழுக்க பன் வாசனையில் நிற்கிறவள். பன்னைப் பார்த்தாலே வயிறு நிறைந்துவிடும். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதா? யார் எழுதியது என்று காலையிலிருந்து தேடுகிறாள். எழுதியது நிஜமா என்று பார்க்க ஒரு பன் போதும். அது கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கடுக்காக இருந்தது.

எடுத்தாள். கடித்தாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் மென்றாள். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை. உப்பே இல்லை. பஞ்சை மெல்கிற மாதிரி இருந்தது. விழுங்கிய பிறகு ஈஸ்டின் புளிப்பு மட்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நின்றது.

மாஸ்டர் கை உப்பைத் தவறவிடுமா? அளவுக் கரண்டியை அவர் தொட்டதே இல்லை. கையால் அள்ளிப் போடுவார், பச்சை மாவைத் துளி நாக்கில் வைப்பார், போதும். அந்தக் கையா இது? இன்றைக்குக் காலையில்கூட இந்த ட்ரேவுக்கு 'ம்' சொன்னாரே!

போனை மறுபடி எடுத்தாள். காலையில் அவள் அந்த இரண்டு வரியோடு நின்றுவிட்டாள். அதற்குக் கீழேயும் இருந்தது. 'உண்மைதான்' என்று ஒருவர். 'சொல்ல சங்கடமா இருந்துச்சு, மாஸ்டர் நல்ல மனுஷன்' என்று இன்னொருவர். 'ரெண்டு மாசமா எதிர்க் கடைலதான் வாங்கறோம்' என்று ஒரு குடும்பம்.

ஒவ்வொருவருக்கும் அந்தப் பழைய வாடிக்கையாளர் பதில் போட்டிருந்தார்.

'நன்றி. எது குறையுதுன்னு சொல்ல முடியுமா? உப்பா, வாசனையா?'

அக்கா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கடையைக் கவிழ்க்க நினைக்கிறவன் உப்பா வாசனையா என்று கேட்பானா?

எழுந்து மாவு ரூமுக்குப் போனாள். கதவைத் தள்ளியவள் வாசலிலேயே நின்றாள்.

மாஸ்டர் கேக்குக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முட்டையாகச் சின்னக் கிண்ணத்தில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் பெரிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும். ஒரு கெட்ட முட்டை மொத்த மாவையும் கெடுத்துவிடும் என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒன்றை உடைத்தார். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். ஊற்றினார். அடுத்ததை எடுத்துத் தட்டினார்.

நாற்றம் கதவு வரை வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

மாஸ்டர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனார். நிதானமாக முகர்ந்தார். பாத்திரத்தை நோக்கிக் கிண்ணத்தைச் சாய்த்தார்.

"என்னங்க!"

கிண்ணம் சாய்ந்தபடியே நின்றது. மாஸ்டர் திரும்பினார். பொத்திய மூக்கைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் அதைக் கீழே வைத்தார்.

"கெட்டதா?" என்றார்.

"உங்களுக்குத் தெரியலியா?"

"தெரியலம்மா."

அக்கா உள்ளே வந்து அந்தக் கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள். "எப்பலேர்ந்து?"

"மழைல காய்ச்சல் வந்துச்சே, அப்பலேர்ந்து. ஒரு காலைல எழுந்தேன். டீ குடிச்சேன். வெந்நீர் மாதிரி இருந்துச்சு. நீதான் சர்க்கரை போட மறந்துட்டியோன்னு நினைச்சேன். அப்புறம் இங்க வந்து அடுப்பத் திறந்தேன்." அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமே இல்லம்மா. அடுப்பைத் திறந்தா ஒரு வாசனை அடிக்குமே, முகத்துல அறையற மாதிரி? ஒண்ணுமே இல்ல. வெறும் சூடு."

"டாக்டர்?"

"பாத்தேன். திரும்பி வரலாம், வராமலும் போகலாம்னாரு. மெதுவா நாக்குல உப்பு மட்டும் கொஞ்சம் தட்டுப்படுது, சில நாள். சில நாள் அதுவும் இல்ல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? இந்தக் கடைல ஒரே நாக்குதான்னு நீதானே சொன்ன? அந்த நாக்கு போயிடுச்சுன்னா அப்புறம் நான் இங்க யாரு?"

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினாள்.

"தினம் 'ம்'னு சொல்லிட்டு உங்க மூஞ்சியப் பாப்பேன்" என்றார் மாஸ்டர். "யாராவது லேசா முகம் சுளிச்சாக்கூடப் போதும், திருத்திக்கலாம்னு. யாரும் சுளிக்கல. நீ ட்ரேயத் தூக்கிட்டுப் போயிடுவ. மச்சான் ஒரு நாள் ஏதோ சொல்ல வந்தான், நீ முறைச்சுட்ட. வெளியாளுங்க கிட்டயாவது கேட்டுப் பாக்கலாம்னு..."

அக்கா மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்களா எழுதினீங்க?"

"ம்" என்றார் மாஸ்டர்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அது உண்மையான 'ம்.'

"யாராவது ஒருத்தராவது, இல்ல, நல்லாத்தான் இருக்குன்னு எழுதுவாங்கன்னு நினைச்சேன். அந்த நப்பாசை. வரிசையா வந்து ஆமா ஆமான்னு எழுதினாங்க. காலைல நீ மச்சான் பேரைச் சொன்னப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. வெட்கமா போயிடுச்சு. ஆனா அவன் போகக் கூடாதும்மா. என் பொய்க்கு அவன் போகக் கூடாது."

"அந்த வார்த்தைய ஏங்க போட்டீங்க? அவன் தலைல விழும்னு தோணலியா?"

"தோணல. ருசி குறைஞ்சிடுச்சுன்னுதான் முதல்ல எழுதினேன். அழிச்சேன். குறையறதுன்னா கொஞ்சம் கொஞ்சமா குறையணும். எனக்கு அப்படி இல்லியே. ராத்திரி படுக்கறப்ப இருந்துச்சு, காலைல எழுந்தா காலுக்குக் கீழ தரையே இல்ல." அவர் மாவு படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "மச்சான் டயருக்கும் சொல்றான், பல்லுக்கும் சொல்றான். எல்லாரும் சும்மா சொல்ற வார்த்தை. எனக்கு மட்டும் அது சும்மா இல்ல. வேற வார்த்தை கிடைக்கலம்மா."

அக்கா அவருடைய மாவுக் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தப் பாத்திரத்தையும் கொட்டிடுங்க, எந்த முட்டைய நம்பறது?" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

மாடி ரூமில் தம்பி பையில் துணியை அடைத்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் இரண்டு காகிதப் பைகள். பக்கத்தில் இரண்டு புதுப் பன்கள், நடுவில் வெட்டி, உள்பக்கம் தெரிய வைத்திருந்தான். ஒன்று எதிர்க் கடையுடையது. இன்னொன்று அவர்களுடையது. எது எது என்று அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அது இன்னும் வலித்தது.

"இதுக்குத்தான் அங்க போனியா?"

"ஒப்பிட்டுப் பாக்கலாம்னுதான். எனக்கு மட்டும் அப்படித் தோணுதோன்னு சந்தேகம்." அவன் நிமிரவில்லை. "கண்டுபிடிச்சா மட்டும் என்ன பண்றது? யார்கிட்ட சொல்றது? நம்ம வீட்டுல சட்டம் இருக்கே."

"வாசனை தெரியலடா அவருக்கு. ருசியும்."

தம்பியின் கையிலிருந்த சட்டை பைக்குள் போகவில்லை, வெளியிலும் வரவில்லை. "அய்யோ" என்றான். அவனுடைய பேர்பெற்ற வார்த்தை அந்த நேரத்தில் அவனுக்கு வரவே இல்லை.

"கீழ வா. அத்தான் கூப்பிடறார்."

"சாவிய வெச்சுட்டேனே."

"நீ வெச்ச இடத்துலயேதான் இருக்கு. நான் எடுத்து உள்ள வெக்கல."

"மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கேக்க மாட்டியா?"

"கேக்கணுமா?"

"கேட்டா கொஞ்சம் கெத்தா இருக்கும்."

"கேக்கறேன். கெத்தா வெச்சுக்க." சொன்னவளின் குரல் கடைசியில் உடைந்தது. தம்பி அவசரமாகப் பையைக் கவிழ்த்துத் துணிகளைக் கட்டிலில் கொட்டினான், எங்கே அழுதுவிடுவாளோ என்று.

மறுநாள் விடிகாலை முதல் ட்ரே வெளியே வந்தது. மாஸ்டர் வழக்கம்போல ஒரு பன்னை எடுத்தார், பிய்த்தார். ஆவி எழுந்தது. பழக்கத்தில் கை மூக்குவரை போய், பாதியில் திசை மாறி, மச்சானிடம் நீண்டது.

தம்பி வாங்கினான். எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான். கடித்தான். மாஸ்டர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், அடுப்புக்குள் பன்னின் மேல்தோல் சிவப்பதைப் பார்க்கிற மாதிரி.

"ம்" என்றான் தம்பி.

"'ம்' வேணாம் மச்சான். அதை நானே போதும் போதும்ங்கற அளவுக்குச் சொல்லியாச்சு. வார்த்தையா சொல்லு."

"அதல..." என்று வாயில் வந்ததைக் கடித்துக்கொண்டான்.



"தப்பில்ல. சொல்லு" என்றார் மாஸ்டர்.

"இல்லத்தான். அந்தளவுக்கு இல்ல. உப்பு பத்தல. ஈஸ்ட் வாசனை ஒரு படி தூக்கலா இருக்கு. மத்தபடி நம்ம பன்னுதான். காய்ச்சல்ல படுத்து எழுந்த நம்ம பன்னு."

மாஸ்டர் சிரித்தாரா, இருமினாரா என்று தெரியவில்லை. அக்கா ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். "உப்பு சரியாத்தான்டா இருக்கு, சர்க்கரைதான் ஜாஸ்தி." மகளும் ஒன்றை எடுத்தாள். "ரெண்டுமில்ல, நீங்க ரெண்டு பேரும் வெறும் வயித்துல இருக்கீங்க." மாவு ரூமில் அக்கா சட்டம் போடுவதற்கு முந்தைய அதே கலாட்டா மறுபடி ஆரம்பித்தது. மாஸ்டர் நடுவில் கையைத் தூக்கினார்.

"இருங்க. முதல்ல அந்த அளவுக் கரண்டிய யாராவது தேடி எடுங்க. நம்மகிட்ட இருக்குல்ல?"

இருந்தது. பழைய டப்பா ஒன்றின் அடியில், வாங்கிய காகிதம்கூடப் பிரிக்காமல்.

முதல் ட்ரே கவுண்டருக்குப் போகவில்லை. மழைக்காலத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் ஒரு ட்ரே போகாமல் நின்றது. மாஸ்டர் புது மாவு போட்டார். கரண்டியால் உப்பை அளந்தார், மச்சான் பச்சை மாவைத் துளி நாக்கில் வைத்துப் பார்த்தான், முகத்தைக் கோணினான், மாஸ்டர் இன்னும் அரைக் கரண்டி போட்டார். அதெல்லாம் முடிவதற்குள் வெளிச்சம் தெருவுக்கு வந்துவிட்டது.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். அக்கா பாதி தூக்கிக் குனிந்து பார்த்தாள். ரிட்டயர்டு வாத்தியார், கையில் பேப்பரோடு.

"என்னக்கா, இன்னும் தொறக்கலியா? பங்க்சுவாலிட்டி எல்லாம் அதல பாதாளத்துக்குப் போயிடுச்சு போல இருக்கே!"

வழக்கமாக அக்கா இதற்கு ஒரு வெட்டு வெட்டுவாள். இன்றைக்கு அவள் திரும்பி உள்ளே பார்த்தாள். மாவு ரூம் கதவு திறந்திருந்தது. மாஸ்டரும் தம்பியும் அடுப்பின் முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடி வழியாக இரண்டாவது ட்ரேயை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா சார், போயிடுச்சு" என்றாள். ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டாள். "கொஞ்சம் உக்காருங்க. இன்னிக்கு பன்னச் சாப்ட்டுட்டு உப்பு எப்படி இருக்குன்னு நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."